கெல்வின் கேட்காத மூன்றாம் ஆண்டு

"ரெண்டு பேரும் மூனாம் ஆண்டு இன்னொரு தடவ படிக்கணும். மார்க் பத்தல. பரவால்ல, ஒரு வருஷம்தானே" என்று டொரத்தி தன் மகன்கள் இருவரையும் கட்டிலில் உட்கார வைத்துச் சொன்னாள். கெல்வின்தான் முதலில் அழுதான்.

கெல்வினும் லியோனலும் இரட்டையர்கள், கெல்வின் சில நிமிடம் மூத்தவன். அப்பா ஸ்டானிஸ்லாஸ் துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். மலேசியாவில், கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் வீடு. டொரத்திக்குக் கிள்ளானில் ஒரு சிறிய தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. அதனால் பிள்ளைகள் அங்கேயே கட்டணமில்லாமல் படித்தார்கள். அரசாங்கப் பள்ளி என்றால் யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்க மாட்டார்கள். இங்கே வைப்பார்கள்.

லியோனலுக்கு வாசிப்பு வராது. இரண்டு வரி தாண்டினால் எழுத்துகள் குழம்பிவிடும், கண் கலங்கிவிடும். அவன் நின்றுபோவான் என்று கெல்வினுக்கே தோன்றியிருந்தது.

"எனக்குமாம்மா பத்தல?"

"உனக்கும்தான்யா."

ரிப்போர்ட் கார்டை அவன் பார்க்கவில்லை, அது அம்மாவிடமே இருந்தது. அம்மா சொன்னதால் நம்பினான்.

ஜனவரியில் பழைய நண்பர்கள் எல்லாரும் மாடியிலிருந்த நாலாம் ஆண்டு வகுப்புக்குப் போனார்கள். கேன்டீனில் அவனைக் கண்டால், "தாத்தா வராரு, இடம் விடு லா" என்று சிரித்தார்கள். லியோனல் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அண்ணன் பக்கத்தில் இருந்தால் அவனுக்குப் போதும். கெல்வினால் அப்படி இருக்க முடியவில்லை. டீச்சர் கேள்வி கேட்பதற்குள் பதில் மனத்தில் வந்துவிடும், ஆனால் கை தூக்க மாட்டான். நான்தான் மார்க் பத்தாதவனாயிற்றே, என் பதில் எப்படிச் சரியாக இருக்கும் என்று நினைப்பான். ஒருமுறை சரியாகப் போட்ட வகுத்தல் கணக்கை அழித்துவிட்டு வேறு விடை எழுதினான். தப்பு என்று சிவப்புக் கோடு வந்தபோது, நினைத்தது சரிதான் என்று இருந்தது அவனுக்கு.

ஈஸ்டர் ஞாயிறன்று பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லாரும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஜானிஸ் டீச்சரைக் கெல்வின் கண்டான். போன வருஷம் அவனுடைய வகுப்பாசிரியை. பிறகு செலாயாங் பக்கம் வேறு பள்ளிக்கு மாறிப் போய்விட்டவர்.

அவர் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "உன்ன மாதிரி பிள்ளைய நான் பாத்ததே இல்ல லா. கிளாஸ்ல மூனாவதா வந்துட்டு, தம்பிக்காக நானும் இங்கயே இருக்கேன்னு நீயே கேட்டியாமே. அம்மா சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு."

"நான் கேட்டேனா டீச்சர்?"

"வெக்கத்தப் பாரு" என்று சிரித்துவிட்டு அவர் வேறு யாரையோ பார்க்கப் போனார்.

இரண்டடி தள்ளி டொரத்தி நின்றிருந்தாள். காதில் விழுந்திருந்தது. ஆனால் பொட்டலத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

காரில் ஏறியதும் கெல்வின் கேட்டான். "நான் பாஸாம்மா?"

டொரத்தி முன்சீட்டிலிருந்து திரும்பினாள்.

"தம்பி தனியா இருந்தா என்ன ஆவான்னு உனக்குத் தெரியும்தானேயா. அவன் சோறே திங்க மாட்டான். நீ கூட இருந்தா தைரியமா இருப்பான்னுதான்..."

"என்கிட்ட கேக்கலையே நீங்க."

"கேட்டிருந்தா நீ மாட்டேன்னு சொல்லியிருப்பே."

ஸ்டானிஸ்லாஸ் ரோட்டைப் பார்த்தபடியே, "நான் அப்பவே வேணாம்னுதான் சொன்னேன்" என்றார்.

"அப்ப உங்களுக்கும் தெரியுமாப்பா?"

கெல்வின் தம்பியின் பக்கம் திரும்பினான். லியோனல் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்கடா" என்றான் மெதுவாக.

அந்தக் காரில் விஷயம் தெரியாதவன் கெல்வின் ஒருவன்தான். மார்க் பத்தவில்லை என்று இரவு அழுதபோது முதுகைத் தடவிக் கொடுத்த அம்மாவும், பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த தம்பியும், எல்லாம் தெரிந்துதான் இருந்தார்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் அவன் நேராக மாடிக்கு ஏறினான். நாலாம் ஆண்டு வகுப்பில் கடைசி வரிசை நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தான். பையன்கள் சிரித்தார்கள். டீச்சர் எழுந்திருக்கச் சொன்னார்.

"இது என் கிளாஸ் டீச்சர்" என்றான். எழுந்திருக்கவில்லை.

கடைசியில் தலைமையாசிரியர் கார்த்திகேசுவின் அறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த அறைக்கு வெளியேதான் அம்மாவின் மேசை. அவளைப் பார்க்காமல் உள்ளே போனான்.

"நீதானப்பா தம்பிகூட இருக்கணும்னு கேட்டே? இப்ப என்ன?"

"நான் கேக்கல சார். நான் ஃபெயில்னு அம்மா சொன்னாங்க."

கார்த்திகேசு டொரத்தியைக் கூப்பிட்டார். அவள் கதவருகே வந்து நின்றாள். இப்போதும், அவன்தான் கேட்டான் என்று சொல்லிவிடுவாளோ என்று கெல்வினுக்குப் பயமாக இருந்தது. அம்மாவை நினைத்து அப்படி அவன் பயந்தது அதுதான் முதல் தடவை.

"அவன் கேக்கல சார்" என்றாள் டொரத்தி.

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானாவது இவன கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்றார். பிறகு கெல்வினிடம், "மேல போப்பா. விட்டுப்போன பாடத்த டீச்சர் சொல்லிக் குடுப்பாங்க" என்றார்.

லியோனல் அன்று ஓய்வு நேரத்தில் மாடிக்கு வந்து வகுப்பு வாசலில் அழுதுகொண்டே நின்றான். கெல்வின் எழுந்து போகவில்லை. ஆனால் சில வாரங்களில் லியோனலுக்கு வாசு என்று ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டான். இருவரும் கேன்டீனில் ஒரே கப் மைலோவைப் பகிர்ந்து குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோது கெல்வினுக்கு இன்னும் அதிகமாக வலித்தது. தான் இல்லாமலே தம்பியால் இருக்க முடிந்திருக்கிறது.

டொரத்தி அவனுக்குப் பிடித்த மீ கோரேங் நூடுல்ஸ் செய்து வைத்துக்கொண்டு, "அம்மா தப்புப் பண்ணிட்டேன்யா" என்றாள்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டான்.

அந்த வாரம் ஒரு நாள் இரவு, "நாளைக்கு ஸ்கூல் லீவுயா, தூங்கு" என்றாள் டொரத்தி. கெல்வின் தலையாட்டினான். பிறகு சிலிப்பரை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு வேலியருகே போய் நின்றான். அங்கே இருந்த பையன் அவனோடு நாலாம் ஆண்டில் படிக்கிறவன்.

"நாளைக்கு நெசமாவே லீவா?" என்று கேட்டான்.

அந்தப் பையன் ஆமாம் என்ற பிறகுதான் உள்ளே வந்து படுத்தான்.