தலைவரம்மாவிடம் ஒரு கேள்வி

ஊர் எழுத்தர் முதல் தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கியபோதும் ஆர்மண்ட் வந்து சேரவில்லை. அடேல் லாமரூ கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் பெரும்பாலும் நிரம்பிவிட்டன. மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. வெர்மான்ட் மலைகளில் பனி இளகிச் சாலையெல்லாம் சேறு. ஆட்கள் வாசலில் பூட்ஸை உதறி உதறி உள்ளே வர, கதவு நிமிஷத்துக்கொரு முறை திறந்தது. முதல் தீர்மானம் வழக்கமானதுதான்: இன்றைய ஊர்க்கூட்டத்துக்குத் தலைமை யார் என்று முடிவு செய்வது. பதினான்கு வருஷமாக ஊர் அடேலைத்தான் முடிவு செய்கிறது. "சம்மதம்" என்று நூற்று முப்பது குரல்கள் ஒன்றாக எழுந்தன. கதவருகிலிருந்து இன்னொரு குரல் சற்றுப் பிந்தி வந்தது. அவள் தம்பி தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

அக்காவும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷமாகிறது. அப்பா இறந்தபின் மேப்பிள் தோப்பில் பாதி அவளுக்கு வந்தது. அவள் அதை வெளியூர்த் தம்பதிக்கு விற்றாள். ஜன்னலிலிருந்து மலை சரியாகத் தெரியவில்லை என்று அவர்கள் எண்பது வயது மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். அன்று ஆர்மண்ட் அவள் வீட்டு முற்றத்தில் நின்று, "இனிமே உன்கிட்ட ஒரு வார்த்தை பேசினா நான் துப்வா வீட்டுப் பிள்ளையே இல்ல" என்றான். வீம்பு பிடிப்பதில் அவர்கள் பிறந்த அந்தத் துப்வா குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடையில் எதிர்ப்பட்டால் அவன் பீன்ஸ் டப்பாக்களின் பக்கம் திரும்பி, ஏதோ பரீட்சைக்குப் படிப்பவன் மாதிரி ஒவ்வொன்றாக வாசிப்பான். அவளும் இரண்டு முறை கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டாள்.

ஆனால் ஊர்க்கூட்டத்துக்கென்று ஒரு விதி இருந்தது. அங்கே யாரும் யாரோடும் நேராகப் பேசக் கூடாது. கணவன் மனைவியே சண்டை போட்டாலும் தலைவரைப் பார்த்துத்தான் போட வேண்டும். ஆகவே வருஷத்தில் ஒரு நாள் ஆர்மண்ட் அவளிடம் பேசித்தான் தீர வேண்டும். சண்டைக்கு அடுத்த வருஷம் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். அதற்கடுத்த வருஷம் மூன்று. இப்போதெல்லாம் நூலகத்துக் கூரையிலிருந்து நாய் உரிமம் வரைக்கும் ஒன்றையும் விடுவதில்லை. "ஆரம்பிச்சுட்டான்டா" என்று பின்வரிசை முனகும். அடேலுக்கு மட்டும் அந்தக் கேள்விகள் எதற்கென்று தெரியும். தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தைத் தள்ளினாள்.

இந்த வருஷத்து நிரலில் பதினேழாவது தீர்மானம் அதற்குத்தான் உலை வைத்தது. அடுத்த ஆண்டு முதல் வாக்குச் சீட்டு தபாலில் வீடு தேடி வரும், கூட்டம் கிடையாது. ஜனவரியில் அதைப் படித்த அன்று அடுப்பிலிருந்த சூப் தீய்ந்துபோனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. தலைவர் எந்தப் பக்கமும் பேசக் கூடாது என்பதும் விதிதான்.

நான்காவது தீர்மானம் ஜல்லி வாங்குவது பற்றியது. ஆர்மண்ட் எழுந்தான்.

"தலைவரம்மா, போன வருஷம் போட்ட ஜல்லி எங்க போச்சுன்னு கேக்கலாமா?"

"கேக்கலாம்."

"எங்க போச்சு?"

"சேத்துக்குள்ள போச்சு" என்று பின்வரிசையில் ஒருவர் கத்த, கூடம் சிரித்தது. அடேல் சிரிக்காமல், "பதில் தலைவர் வழியாத்தான் வரணும்" என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "சேத்துக்குள்ள போச்சாம்" என்றாள். அவன் உதடு கோணியது. சிரிப்புதான். சின்ன வயதில் சர்ச்சில் அவனுக்குத் திட்டு வாங்கித் தந்த அதே சிரிப்பு.

பதினோரு மணிக்கு ஷெல்பி கை தூக்கினாள். பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் தாதியாக இருப்பவள். வேலைக்குப் போகும் சீருடையிலேயே வந்திருந்தாள். பதினேழாவது தீர்மானத்தைக் கொண்டுவந்தவளே அவள்தான்.

"தலைவரம்மா, ஒரு மணிக்கு எனக்கு ஷிஃப்ட். பதினேழை இப்பவே எடுத்துக்க முடியுமா? இல்லைன்னா நான் கொண்டுவந்த தீர்மானத்துக்கு நானே கை தூக்க முடியாது."

வரிசையை மாற்றுவதென்றால் கூடம் சம்மதிக்க வேண்டும். பிரச்சினை என்னவென்றால், சமையலறையிலிருந்து பன்றித்தொடையும் சுட்ட பீன்ஸும் மணக்க ஆரம்பித்திருந்தன. "சாப்பாடு ஆறிடும்", "வரிசைன்னா வரிசைதான்" என்று குரல்கள். அடேல் வாக்குக் கேட்டாள். "இல்லை" என்று கூடம் அதிர்ந்தது. ஆர்மண்டின் குரலும் அதில் இருந்தது. ஷெல்பி கோட்டை எடுத்துக்கொண்டாள். கதவருகே நின்று, தலைவரைப் பார்த்தே, "இதைத்தான் சொல்ல வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாப்பாட்டு வேளை கூட்டத்தில் சேர்த்தியில்லை. அதனால் ஆர்மண்ட் தட்டோடு அவளைக் கடந்து போனான், பேசவில்லை. அடேல் ஆப்பிள் பை என்னும் பலகாரத்தில் ஒரு பெரிய துண்டை எடுத்துவைத்து அதைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஷெல்பியின் முகம் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

இரண்டரை மணிக்குப் பதினேழு வந்தது. முதலில் எழுந்தவர் வார்ட்வெல். முப்பது வருஷம் கல்லூரியில் அமெரிக்க ஜனநாயகத்துக்கு அறிமுக வகுப்பு எடுத்தவர். ஓய்வு பெற்று இங்கே குடிவந்த பிறகும் வகுப்பை முடிக்காதவர்.

"தலைவரம்மா, இதுல மூணு கொள்கை இருக்கு. ஜனங்களே கூடி உக்காந்து ஆளணும்ங்கறது ஒண்ணு. ஜனங்களுக்கு அதுக்கு நேரமும் கிடையாது, விவரமும் கிடையாது, ஆளத் தெரிஞ்சவங்களைத் தேர்ந்தெடுத்துட்டு வீட்டுக்குப் போகட்டும்ங்கறது ரெண்டாவது. ஆளாளுக்கு ஒரு சங்கம் சேர்ந்து இழுக்கட்டும், இழுபறியில எது நிக்குதோ அதுதான் ஜனநாயகம்ங்கறது மூணாவது..."

"ரெண்டு நிமிஷம்தான், ஐயா."

"நான் இன்னும் முதல் கொள்கைக்கே வரலை!"

"உக்காருங்க" என்றாள் அடேல். கை தட்டினார்கள். ஆனாலும் அந்த மூன்றும் அவள் மனதில் நின்றுகொண்டன. ஊரில் வாக்குரிமை உள்ளவர்கள் தொள்ளாயிரம் பேர். கூடத்தில் நூற்று முப்பத்துச் சொச்சம். இது ஜனங்களே கூடி ஆள்வதா, செவ்வாய்க்கிழமை வேலை இல்லாதவர்கள் ஆள்வதா? பதினான்கு வருஷமாக இந்த மேசைக்குப் பின்னால் நின்றும் வராத சந்தேகம், ஒரு பெண் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறியதும் வந்துவிட்டது.

ஆர்மண்ட் எழுந்தான்.

"தலைவரம்மா, வார்ட்வெல் ஐயா மாதிரி எனக்குப் பேச வராது. வீட்டுல உக்காந்து சீட்டுல கோடு போடறது சுலபம்தான். ஆனா சீட்டு திருப்பிப் பேசாது. இங்க நான் முட்டாள்தனமா ஒண்ணு கேட்டா, முட்டாளேன்னு மூஞ்சிக்கு நேரா யாராவது சொல்றாங்க. வருஷத்துக்கு ஒரு தடவையாவது..." தொப்பியின் விளிம்பைத் திருகினான். "பிடிக்காதவங்க மூஞ்சியையும் பாத்துப் பேச வேண்டியிருக்கு. அது நல்லதுன்னு நினைக்கறேன். அவ்வளவுதான்."

அவன் அவளையே பார்த்துத்தான் சொன்னான். விதி அப்படி. "நன்றி. அடுத்தவர்" என்று சொல்ல அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஏழு பேர் கை தூக்கி ரகசியச் சீட்டு கேட்டார்கள்; ஏழு பேர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். சீட்டு என்று வந்துவிட்டால் தலைவருக்கும் ஒரு வாக்கு உண்டு. எல்லோரும் வரிசையில் நின்று மரப்பெட்டியில் போட்ட பிறகு, எழுத்தர் அவளிடம் ஒரு துண்டுத் தாளை நீட்டினார். அவளுக்கு என்ன வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அடுத்த மார்ச்சும் அதற்கடுத்த மார்ச்சும் வேண்டும். தொப்பியைத் திருகிக்கொண்டு அவன் எழுந்து ஜல்லி எங்கே என்று கேட்க வேண்டும். பென்சிலைத் தாளில் வைத்தாள். தான் சாப்பிட்ட நேரத்தில் ஷெல்பி எந்த வளைவில் காரோட்டிக்கொண்டிருந்திருப்பாள் என்று நினைத்தாள். சொந்த ஆசைக்காகத் தொள்ளாயிரம் பேரையும் சேற்றில் நடந்து வரச் சொல்வதா? எழுதினாள். மடித்துப் போட்டாள்.

எழுத்தர் எண்ணி முடித்துத் தாளை நீட்டினார். அதை அவள்தான் வாசிக்க வேண்டும்.

"சம்மதம், அறுபத்தெட்டு. இல்லை, அறுபத்தாறு. தீர்மானம் நிறைவேறியது."

கணக்கு அவளுக்கு அப்போதே புரிந்தது. ஒரே ஒரு சீட்டு சம்மதத்திலிருந்து இல்லைக்குப் போயிருந்தால் இரண்டும் சமம். சமமானால் தீர்மானம் தோற்கும். அந்த ஒரு சீட்டு யாருடையது என்று உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

ஜெயித்தவர்களே கை தட்டவில்லை. மிச்சமிருந்தது கடைசித் தீர்மானம்: பிற விஷயங்கள். அதில் யாரும் எதையும் பேசலாம், எதுவும் ஊரைக் கட்டுப்படுத்தாது. ஆட்கள் கோட்டை மாட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆர்மண்ட் எழுந்து நின்றான்.

"தலைவரம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"அடுத்த வருஷம் எனக்கு ஏதாவது கேக்கணும்னா யார்கிட்ட கேக்கறது?"

"டேய், எழுத்தருக்கு லெட்டர் போடு!" என்றது பின்வரிசை.

"தலைவரம்மாகிட்டதான் கேட்டேன்" என்றான் ஆர்மண்ட், திரும்பாமல்.

வார்ட்வெல், "கூட்டத்தை முடிக்கலாம்னு முன்மொழியறேன்" என்றார். யாரோ வழிமொழிந்தார்கள். முடிக்கலாமா என்பதற்கு விவாதம் கிடையாது, வாக்கு மட்டும்தான். அடேல் கேட்டாள், "சம்மதம்" என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. ஆர்மண்ட் வாயைத் திறக்கவில்லை. நாற்காலிகளை மடக்கும் ஓசை கூடம் முழுக்க எழும்பியது. காலித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் போனார்கள். கதவு திறந்தே கிடக்க, சேற்றில் கார்கள் கிளம்பும் சத்தம் கேட்டது.

இனி அவள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம், கூட்டம் முடிந்தது என்று. எழுத்தர் பேனாவைத் தாளில் வைத்து, முடிந்த நேரத்தை எழுதக் காத்திருந்தார். அவள் சொல்லாத வரை கூட்டம் முடியாது. முடியாத வரை அவன் நின்று பேசலாம். வரிசைகள் காலியாகிக்கொண்டே வந்தன. அவன் நின்றிருந்த வரிசையிலும் அவனுக்கு இரு பக்கமும் இருந்த நாற்காலிகளை யாரோ மடக்கி எடுத்துப் போனார்கள். அவன் நகரவில்லை. அவளைப் பார்த்தபடி பதிலுக்காக நின்றான். அவளும் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் மேசைக்குப் பின்னால் நின்றாள்.