பந்தல்குடியில் நாடி இல்லை

பந்தல்குடியில் யாருக்கும் நாடி துடிக்கவில்லை.

இதை என் சைக்கிள் கடையில் வந்து சொன்னவர் கம்பவுண்டர் சென்னகேசவன். அறுபத்தேழாம் வருஷம் அருப்புக்கோட்டை டாக்டர் ஒருவரிடம் வேலை பார்த்தார். தினமும் காலையில் ஏழு மைல் சைக்கிள் மிதித்துப் பந்தல்குடி போவார். இறங்கியதும் வரிசை நிற்கும். நாடி பார்த்துச் சீட்டில் எழுதுவார். அரைமணியில் இருபது பேர். புது சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து எல்லாச் சீட்டிலும் ஒரே வரி: நாடி இல்லை.

"செத்தவுகளா வந்து மருந்து வாங்கிட்டுப் போறாக?" என்றேன்.

"சிரிக்காதீக பால்பாண்டியண்ணே. நேத்து இருளாண்டின்னு ஒருத்தரு. கையைப் பிடிச்சு அஞ்சு நிமிசம் தேடுறேன். 'நான் இருக்கேனா இல்லையான்னு சட்டுனு சொல்லுங்க, விதைப்புக்குப் போகணும்'ங்கிறாரு. அவரு சம்சாரம் அழவே ஆரம்பிச்சுட்டாக."

டாக்டர் சீட்டுகளைப் பார்த்துவிட்டார். திங்கட்கிழமையும் பந்தல்குடிக்கு நாடி வராவிட்டால் வேறு கம்பவுண்டரை அனுப்பப் போகிறாராம்.

"உங்க நாடியை அங்க பிடிச்சுப் பாத்தீகளா?"

"பாத்தேன். அங்க நானும் இல்லை. டீ குடிச்சு அரைமணி கழிச்சுப் பாத்தா இருக்கேன். அந்த ஊரு மண்ணுல ஏதோ இருக்குண்ணே."

மண்ணா, சைக்கிளா? இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. பந்தல்குடிக்குப் போகாமலே பந்தல்குடி தூரம் மிதிக்க வேண்டும். அவர் வண்டியில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பதினெட்டு அடி நகரும். ஏழு மைலுக்கு இரண்டாயிரத்து ஐம்பது சுற்று.

ஞாயிறு காலை கடை வாசலில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி அவரை ஏற்றினேன். அவர் மனைவி பஞ்சம்மாள் எண்ணினார். கூட்டம் கூடிவிட்டது.

"எங்க போய்க்கிட்டிருக்காக?"

"பந்தல்குடிக்கு. இப்பத்தான் பாதி வழி."

"அப்ப வரும்போது கருவாடு ரெண்டு துண்டு வாங்கியாரச் சொல்லுங்க."

ஆயிரத்து நானூறில் தன் விரல் மரத்துப்போனதாகச் சென்னகேசவன் சொன்னார். இரண்டாயிரத்து ஐம்பதில், "பந்தல்குடி வந்தாச்சு, இறங்குங்க" என்றேன். இறங்கி மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஏங்க, நானும் போயிட்டேனா?" என்றார் பஞ்சம்மாள்.

பந்தல்குடியே இங்கு வந்துவிட்டது என்று கூட்டம் முடிவு கட்டியது. நானோ முக்கால் மணி நேரமாக வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுகிற வண்டியில் ஆளைப் பக்கவாட்டில் நிதானமாகப் பார்க்க முடியாது. நம்மைக் கடந்து போய்விடுவார். இப்போது நகராமல் இருந்தார். இரண்டு கையும் உலக்கை மாதிரி விறைப்பாக நீண்டிருந்தன. மணிக்கட்டு மடங்கி, உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையில் விழுந்தது. விரலுக்குப் போகிற நரம்பு அந்த இடத்தில்தான் நசுங்குகிறது. மரத்த விரலுக்கு யார் நாடியும் தட்டுப்படாது.

சென்னகேசவனுக்குக் கால் நீளம், இடுப்புக்கு மேலே உடம்பு குட்டை. காலுக்குப் பொருத்தமாக இருபத்துநாலு அங்குல பிரேம் வாங்கியிருந்தார். ஆனால் பிரேம் பெரிதானால் உயரம் மட்டும் கூடுவதில்லை. சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் ஓடும் பார் கம்பியும் நீளும். போதாததற்கு, சீட்டைத் தாங்கும் குழாய் பின்பக்கம் சாய்ந்திருப்பதால், சீட்டை உயர்த்த உயர்த்த அது ஹேண்டிலை விட்டு விலகிப் போகும். வண்டி அவர் காலுக்குச் சரி. கைக்கு எட்டவில்லை.

இதைச் சொன்னதும், வீட்டில் தறி நெய்கிற பஞ்சம்மாள் கேட்டார்: "தறியில நாடா வீசக் கை எட்டலைன்னா உக்காருற பலகையை முன்னால இழுத்துப் போடுவோம். இதுல இழுக்க முடியாதா?"

முடியும். சரிசெய்து, மறுபடி இரண்டாயிரத்து ஐம்பது சுற்று மிதிக்கவைத்தேன். பஞ்சம்மாளுக்கு நாடி எழுபத்தெட்டு. திங்கட்கிழமைச் சீட்டில், இருளாண்டிக்கு எழுபத்திரண்டு.

செய்தது இவ்வளவுதான். சீட்டைப் பிடிக்கும் கிளிப் குழாய்க்குப் பின்னால் இருந்தது. அதைக் கழற்றி முன்பக்கமாகத் திருப்பி மாட்டினேன். சீட் ஒன்றரை அங்குலம் முன்னால் வந்தது. முன்னால் வந்தால் பெடலும் கிட்டே வந்துவிடும் என்பதால், சீட்டை அரை அங்குலம் உயர்த்தினேன். ஹேண்டிலை இரண்டு அங்குலம் தூக்கி, பிரேக் கம்பியை அதற்கேற்ப நீட்டி முடுக்கினேன். முதுகு நிமிர்ந்தது, முழங்கை மடங்கியது, பாரம் கையிலிருந்து சீட்டுக்குப் போனது.