யாங்கோனின் சம்மதம்

ஹனோயிலிருந்து டாக்டர் லான், “யாங்கோனுக்கு ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டதும் ஊ சோ மின் வழக்கம்போலச் சிரித்தார். ரொம்ப நல்ல யோசனை என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிலோஃபருக்குத் தன் ஆய்வு மைய இயக்குநரின் வாயைப் பொத்திவிடலாமா என்றிருந்தது.

அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து சந்தைக்கு மாறிக்கொண்டிருக்கிற நான்கு நாடுகளில் சின்னக் கடைக்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஒரே மாதிரிக் கேள்வி கேட்டு, ஒன்றுசேர்ந்து எழுதுவதற்காக ஒரு வலையமைப்பு. ஹனோய், வியன்டியான், புனோம்பென், யாங்கோன். மற்ற மூன்று ஊருக்கும் ஒரே கடிகாரம். யாங்கோன் மட்டும் அரை மணி பின்னால். யாராவது ஒருவர் கணக்கைக் கோட்டை விடுவார். இவர்கள் போய்ச் சேரும்போது இணையக் கூட்டம் பாதி முடிந்திருக்கும். சேர்ந்ததும் மின்சாரம் போகும். ஜெனரேட்டரைப் போட்டால் இணையம் படுத்துக்கொள்ளும். இத்தனையையும் நிலோஃபர் சகித்துக்கொண்டாள். சகிக்க முடியாதது ஊ சோ மின்னின் ஆனாடேதான்.

அது பர்மியச் சொல். நம்மூர் தாட்சண்யத்தை நாலு கொதி கூடுதலாக விட்டு இறக்கினால் ஆனாடே. எதிரில் இருப்பவர் மனம் நோகக்கூடாது, ஆகவே முடியாது என்று சொல்லவே கூடாது. “பார்க்கலாம்” என்றால் முடியாது. “முயற்சி செய்கிறோம்” என்றால் நிச்சயமாக முடியாது. யாங்கோன் டாக்ஸிக்காரருக்குக்கூட இது புரியும். ஹனோயில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு எப்படிப் புரியும்?

லானின் புது யோசனை இதுதான்: ஒவ்வொரு ஊரும் தன் முழுத் தரவையும், கடைக்காரரின் பெயர், ஃபோன் எண் உட்பட, பொதுக் கணினிக்கு அனுப்ப வேண்டும். வேறொரு ஊர்க்காரர்கள் அந்தக் கடைக்காரர்களில் சிலரை ஃபோனில் கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் யாங்கோன் கடைக்காரர்கள் டாலரை யாரிடம், என்ன விலைக்கு வாங்கி எல்லையிலிருந்து சரக்கு எடுக்கிறார்கள் என்பதையெல்லாம் நிலோஃபரிடம் சொல்லியிருந்தார்கள். கசிந்தால் கடைக்குச் சீல், ஆளுக்குச் சிறை. பெயர் எங்கள் அறையைத் தாண்டாது என்று வாக்குக் கொடுத்தவள் அவள்.

கூட்டம் முடிந்ததும் சண்டை பிடித்தாள். ஊ சோ மின் தப்பை ஒப்புக்கொண்டு, மறுத்து எழுதுவதாகச் சொன்னார். எழுதினார்: “யாங்கோன் தன்னால் இயன்றதைச் செய்யும்.” லான் மனமார நன்றி சொன்னார். இன்னும் கடுமையாக எழுதும்படி நிலோஃபர் மன்றாடினாள். “சில சிறிய சிரமங்கள் இருக்கலாம்” என்று எழுதினார். சிரமத்தைத் தீர்க்க லான் ஒரு கணினி நிபுணரையே ஏற்பாடு செய்துவிட்டார். நிலோஃபர் தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் நானே பேசிக்கொள்கிறேன் என்று பர்மிய வழக்கப்படி ‘சயா’, அதாவது ஐயா, போட்டுச் சொன்னாள். மனிதர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

அடுத்த கூட்டத்தில் அதிசயமாக மின்சாரம் போகவில்லை. லான் களைத்துப்போயிருந்தார். யாங்கோன் தரவு இன்னும் வரவில்லையென்று நிதி கொடுப்பவர்கள் யாங்கோனைக் கழற்றிவிடச் சொன்னார்களாம். யாங்கோன் போனால் நானும் போகிறேன் என்று சொல்லி நிறுத்தியிருக்கிறாராம். பெருமையாகக்கூடச் சொல்லவில்லை, கண்ணைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். பிறகு, பெயர்களை அனுப்புவதில் ஏதாவது சிரமமா நிலோஃபர் என்று கேட்டார்.

பல் துலக்கும்போதிலிருந்தே ஒத்திகை பார்த்த வாக்கியம் தயாராக இருந்தது. நிலோஃபர் வாயைத் திறந்தாள்.

“ஒரு சிரமமும் இல்லை” என்றாள்.

திரை அணைந்த பிறகு ஊ சோ மின் தேநீரை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாதக்கணக்காக அந்த மனிதரைக் கரித்துக் கொட்டியவளுக்கு இப்போது தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

தேநீரைத் தொடாமல் இறங்கிப் போனாள். அலுவலகம் இருந்த அதே கியாக்டடா வட்டாரத்தில், இரண்டு தெரு தள்ளி, கமாலின் தார்ப்பாய்க் கடை. அவள் வாப்பாவின் கூட்டாளி. அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து காக்கா. நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

“உங்க பேரு வெளியூருக்குப் போவப்போவுது காக்கா. நாந்தான் சரின்னுட்டேன். வேணாம்னா இப்பவே சொல்லுங்க, எடுத்துர்றேன்.”

கமால் ஒரு கயிற்றுச் சுருளைத் தூக்கி, அதே இடத்தில் திரும்ப வைத்தார். “அதுக்கென்னம்மா. நீ கேட்டு நான் இல்லைம்பேனா? இருக்கட்டும்” என்றார்.

நிலோஃபருக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. இவர் ஒருவராவது மனமறிந்து ஒப்புக்கொண்டாரே. அதற்குள் கல்லாவிலிருந்து அவர் மனைவி மதீனா பீவி எழுந்து வந்தாள்.

“அவருக்கு இல்லைன்னு சொல்ல வராதும்மா” என்றாள். “மொத தடவையும் வரல. அந்தப் புள்ள வாசல்ல வந்து நிக்கிது, எப்புடி வேணாங்கறதுன்னாரு. அதுலேருந்து தெரியாத நம்பர்லேருந்து ஃபோன் வந்தா நாங்க எடுக்கறதில்ல.”

கமால் மனைவியை அடக்கப் பார்த்தார். பிறகு அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

நிலோஃபர் நின்ற இடத்திலேயே நின்றாள். நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன அத்தனை கடைக்காரர்களும் நினைவுக்கு வந்தார்கள். நான்கு ஊரில் யாங்கோனில்தான் பதில் சொல்ல மறுத்தவர் ஒருவரும் இல்லை. அதை ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், லானும் பாராட்டியிருக்கிறார். அவமானத்தில் முகம் எரிந்தது. இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்து, பஸ் இரைச்சலுக்கு நடுவே லானைக் கூப்பிட்டாள்.

பெயர்கள் வராது என்றாள். பெயர்கள் மட்டுமல்ல, வாங்கிய பதில்களும் இப்போதைக்கு வராது. எல்லோரிடமும் முதலிலிருந்து கேட்க வேண்டும், அதுவும் அவர்களுக்கு முகம் தெரியாத ஒருவர் போய்க் கேட்க வேண்டும் என்றாள். லானுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சற்று முன்புதானே சிரமம் இல்லை என்றீர்கள்?

“சொன்னேன். பொய்.”

லான் பொறுமைசாலி. நிதி கொடுப்பவர்களுக்கு ஏதாவது பதில் எழுத வேண்டுமே, யாங்கோன் இயன்றதைச் செய்யும் என்று குறித்துக்கொள்ளட்டுமா என்று பரிவோடு கேட்டார்.

“வேண்டாம். முடியாது என்றே எழுதுங்கள்.”

“அப்படியானால் உங்கள் இடத்தை என்னால் காப்பாற்ற முடியாமல் போகலாம்” என்றார் லான்.

மன்னியுங்கள், பார்க்கலாம், முயற்சி செய்கிறோம் என்று நாக்கில் வரிசைகட்டி நின்றதையெல்லாம் விழுங்கிவிட்டு, “தெரியும்” என்றாள் நிலோஃபர்.