காகப்பாலத்தில் அடிதடி இல்லை

மக்பூல் அகமது முடிவு பண்ணிவிட்டார். மூன்றாம் நம்பர் மிஷினில் இருக்கும் க்ரோ பிரிட்ஜ் என்ற கேமை அழித்துவிட்டு, மற்ற மிஷின்களில் இருப்பது போலச் சுடுகிற கேம் போடப்போகிறார்.

"பசங்க கூட்டா ஆடறதுக்கு மிஷின் பத்தல எப்சிமா. நீ ஒருத்தி ஆடறேன்னு மூணாம் நம்பர் வாரம் பூரா சும்மா கெடக்குது. பேஜார்."

ஆம்பூரில் அவருடைய பிரவுசிங் சென்டருக்கு இரண்டு வயது ஆகிறது. 2001-ல் திறந்தார். அதற்கு முன் தோல் மண்டியில் வியாபாரம் பார்த்தார். எப்சி ஞாயிறு ஆராதனை முடிந்து, பைபிள் பையோடு நேரே அங்கே வந்து நின்றாள். வீடு மாதனூர். ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இன்வாய்ஸ் அடிக்கிற வேலை. வார நாட்களில் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் கால்கள் அவள் சொன்ன பக்கம் போகும். அவை மூன்றாம் நம்பருக்குப் போகும்.

"முடியப் போவுது பாய். கோட்டைக்கு வெளிய நிக்கிறேன். உள்ள போய்ட்டா முடிஞ்சிடும்."

"போன மாசமும் இதான் சொன்ன."

"போன மாசம் சதுப்புல மாட்டிக்கினேன்."

அவள் ஆடி வைத்தது முழுக்க அந்த ஒரு மிஷினில்தான் இருந்தது. அழித்தால் போச்சு. முதலிலிருந்து தொடங்க அவளுக்கு மனசில்லை. கதை இதுதான்: ஓர் ஆறு, ஆற்றின் மேல் காகப்பாலம், இரண்டு கரையிலும் ஊர். பாலத்தை ஒரு பிரபு மூடிவிட்டான். அக்கரையில் தானியம், இக்கரையில் பசி. பாலம் திறப்பதை அவள் பார்த்தாக வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அதைப் பார்க்காமல் போனால், சாப்பாட்டுப் பந்தியில் பாதியில் எழுப்பிவிட்ட மாதிரி.

அந்த நேரம் ஜெஃப்ரி உள்ளே வந்தான். வேலூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எப்சியின் சர்ச்தான். க்ரோ பிரிட்ஜ் சிடியைச் சென்னையிலிருந்து கொண்டுவந்து அந்த மிஷினில் ஏற்றியதே அவன்தான். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போனான்.

"பாய், இன்னா கேம்னு தெரியுமா உங்களுக்கு? வந்தப்ப யாரும் வாங்கல. செஞ்ச கம்பெனியே மூடிட்டான். ஆனா ஆடினவன் எவனும் இதை வுடல. நெட்ல போய்ப் பாருங்க, கோயில் கட்டாத குறைதான்."

"கம்பெனியே மூடிட்டானா? அப்பவே உனக்குத் தெரிய வேணாமா?"

"நல்ல சரக்கு எல்லாம் உடனே விக்குமா பாய்?"

மக்பூல் பாய் சிரித்தார். மண்டிக்காரரிடம் இந்தப் பேச்சு செல்லும்.

"ஊரு சொல்லுதுன்னு நான் சரக்கு எடுத்ததில்லடா. கைய வச்சுப் பாத்துதான் சொல்லுவேன். உக்காருமா. ஆடிக் காட்டு. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் பசங்க வருவாங்க. அதுக்குள்ள எனக்குப் புடிச்சா இருக்கட்டும். இல்லேன்னா நீயே உன் கையால அழிச்சிடு."

எப்சி உட்கார்ந்தாள். பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஜெஃப்ரி பின்னால் நின்றான்.

திரையில் அவளுடைய நாயகன் பாலத்தின் மேல் நடந்தான். பார்க்க ஒன்றும் பெரிய அழகில்லை. முகங்கள் எல்லாம் வேகாத மாவு மாதிரி. ஒரு குதிரை முட்டி வரை தரைக்குள் புதைந்து நின்று புல் மேய்ந்தது. காவல்காரன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாயகன் அவனைத் தாண்டிப் போனான். சந்தைக்குள் போனான். சந்தையைத் தாண்டிப் போனான்.

"இன்னாமா இது? ஒருத்தனும் அடிக்க வரலியே."

"வரமாட்டாங்க பாய்."

"வான்னு கூட கேக்கமாட்டேன்றாங்களே."

"அவங்கவங்க வேலையப் பாப்பாங்க பாய்."

"கல்யாண வீட்டுக்குப் பத்திரிகை இல்லாம வந்தவன் மாதிரி இல்ல போறான்." பாய் கொட்டாவி விட்டார்.

ஜெஃப்ரி குனிந்து திரையைப் பார்த்தான். "அக்கா, அந்தக் காவக்காரன் உன்ன ஏன் வுட்டான்?"

"எப்பவும் வுடுவானே."

"வுடமாட்டான்க்கா. மூணு தடவ முடிச்சிருக்கேன். மூணு தடவையும் அவனைக் கொன்னுட்டுத்தான் பாலம் தாண்டினேன். உன் ஆளோட திறமை எல்லாம் இன்னா வச்சிருக்க? அந்தப் பக்கத்தைத் தொற."

திறந்தாள். வாள், ஒன்றுமில்லை. வில், ஒன்றுமில்லை. மந்திரம், ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு சின்னப் படத்தோடு ஹைட் என்று ஒன்று. அதில் கோடு நிறைந்து, விளிம்பு வரை வந்திருந்தது.

"எல்லாத்தையும் ஏன் இதுல கொட்டி வச்சிருக்க?"

"ஒரு தொழிலாவது ஒழுங்காத் தெரியணும் இல்ல? எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் போட்டா ஒண்ணும் தேறாது."

"இன்னா தொழிலு?"

"தோலு."

ஜெஃப்ரி ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அக்கா... ஹைட்னா ஒளிஞ்சிக்கிறது அக்கா! நீ தோலு பதப்படுத்தறன்னு நெனச்சிக்கினு..."

எப்சிக்குக் காது சுட்டது. ஒளிவது என்ற அர்த்தம் அவளுக்குத் தெரியாமலில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் கம்பெனியில் தினமும் அந்தச் சொல்லை அடிக்கிறாள். கௌ ஹைட், இத்தனை சதுர அடி, ஹாம்பர்க் துறைமுகம். அந்தச் சொல்லைப் பார்த்ததும் மாட்டுத்தோல்தான் முன்னால் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொரு அர்த்தம் நின்றதை அவள் எட்டிப் பார்க்கவேயில்லை.

"இத்தினி நாளா ஒருத்தனும் தோலுக்கு ஆர்டர் குடுக்கலியேன்னு நானும் பாத்தேன்" என்றாள்.

மக்பூல் பாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இருடா, சிரிக்காத. நானும் தோலுன்னுதான் பாத்தேன். அந்தப் படத்தப் பாரு. நாலு காலும் விரிச்சுப் பலகையில ஆணி அடிச்ச மாதிரியே இல்ல?"

"அது போர்வை பாய்."

"இந்த ஊர்ல வச்சா தோலுதான்டா."

சிரிப்பு அடங்கியதும் ஜெஃப்ரி தலையைச் சொறிந்தான். "ஹைட்டை முழுசா ஏத்திட்டா நின்னாலும் நடந்தாலும் யார் கண்ணுக்கும் தெரியமாட்ட. அதான் ஒருத்தனும் கிட்ட வரல. நீ ஆடினது க்ரோ பிரிட்ஜே இல்லக்கா. சண்டைதான் இதுல விசேஷம். பேசாம அழிச்சிட்டு வாள்ல போட்டு மொதல்லேர்ந்து ஆடு. அப்பதான் ஏன் இத்தினி பேர் எடுத்துச்சுன்னு தெரியும்."

அவள் பக்கம் பேச வந்தவன் அவன். அவன் வாயாலேயே அழி என்று வந்துவிட்டது.

"சரியாப் போச்சு" என்றார் பாய். "சரக்கு லாட்டே கெட்டுப்போச்சு. எழுந்திருமா." கை மவுஸ் பக்கம் நீண்டது.

எப்சி மவுஸை விடவில்லை.

"டேய் ஜெஃப்ரி. அந்தக் காவக்காரன் பேரு இன்னா?"

"காவக்காரனுக்கு ஏதுக்கா பேரு? கார்டு."

"ஹாரல். முட்டி வலிக்காரன். ஆளில்லாதப்ப ஒரு காலைத் தூக்கிக் கல்லு மேல வச்சிப்பான். அக்கரையில அவன் தங்கச்சி இருக்கா. பாலத்துல அவ வந்தாலும் வுடக்கூடாது. வந்தா இன்னா சொல்றதுன்னு தனியா நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிறான்."

"அவன் பேசுவானா?"

"நீ வாளை உருவிக்கினு போனா எப்படிடா பேசுவான்?"

ஜெஃப்ரி திரைக்குக் கிட்டே வந்தான். பிறகு மெதுவாக, "திரும்பிப் போய்க் காட்டு" என்றான்.

போனாள். பாலம். ஆறு. ஹாரல் இடமும் வலமும் பார்த்தான். காலைத் தூக்கிக் கல்மேல் வைத்தான். திரையின் அடியில் எழுத்துகள் வந்தன.

"படிமா. எனக்கு இங்கிலீசு ஓடாது" என்றார் பாய்.

"'தங்கச்சி, இது மேலிடத்து உத்தரவு'ன்றான். வேணாம்னு தலைய ஆட்டறான் பாருங்க. 'நாளைக்கு வா'ன்றான். அதுவும் புடிக்கல. இப்ப, 'நான் உன்னப் பாக்கல, சீக்கிரம் போ'ன்றான்."

"அது நல்லா இருக்கே. அதையே சொல்லலாமே."

"வேலை போய்டும் பாய்."

"போவட்டுமே. தங்கச்சி இல்ல?"

"வீட்டுல அவன் ஒருத்தன் சம்பாத்தியம்."

"அதுவும் சரிதான்" என்றார் பாய். ஹாரலுக்காகக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

ஜெஃப்ரி தரையில் உட்கார்ந்துவிட்டான். இந்தக் கேமைப் பற்றி நெட்டில் வந்த எல்லாவற்றையும் அவன் படித்திருந்தான். எந்த வாள் பெரிது, எந்த அரக்கனை எங்கே வெட்டுவது, எல்லாம் இருந்தது. ஹாரலின் தங்கையை யாரும் எழுதவில்லை. "ஒருத்தன் கூட இத சொல்லலக்கா" என்றான். "ஒருத்தன் கூட."

எப்சிக்கு இது புதுசாக இருந்தது. எல்லோரும் இதைத்தான் பார்க்கிறார்கள், இதற்காகத்தான் புகழ்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். ரொட்டிக்காரி அடுப்போடு சண்டை போடுவதும், வரி வசூலிப்பவன் யாருமில்லாத தெருவில் ஒரு காலால் நொண்டி ஆடுவதும் எல்லோருக்கும் தெரியும் என்று. இப்போதுதான் உறைத்தது. செய்தவர்கள் இந்த வழியில் ஆள் வருவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. தவறிப்போய் ஒருத்தர் வந்தால்? அந்த ஒருத்தருக்காக உட்கார்ந்து ஒரு காவல்காரனுக்கு முட்டிவலி எழுதியிருக்கிறார்கள். குதிரையின் காலை வெளியே எடுக்க நேரமில்லாதவர்களுக்கு இதற்கு நேரம் இருந்திருக்கிறது.

கம்பெனி மூடியதில் ஆச்சரியமில்லை. பேர் நின்றதிலும் ஆச்சரியமில்லை.

"கோட்டைக்குப் போ" என்றார் பாய். "அந்தப் பிரபு இன்னா பண்றான்னு பாக்கலாம்."

"போக முடியல பாய். வாசல்ல கால வச்சா மிஷின் நின்னுடுது. ரெண்டு வாரமா அங்கதான் நிக்கிறேன்."

ஜெஃப்ரி எழுந்தான். "வாசல் வழியாப் போகாதக்கா. அது எல்லாருக்கும் நிக்கும், கேம்ல கோளாறு. பின்னால அடுப்படிக் கதவு ஒண்ணு இருக்கு. கெணத்துக்கு எடது பக்கம். இன்னும் எடது. அந்தக் கீரைப் பாத்தியத் தாண்டு."

கதவு இருந்தது. திறந்தது. மிஷின் நிற்கவில்லை.

அடுப்படி. நடை. படிக்கட்டு. எதிரே வந்த வேலைக்காரி அவர்களைக் கடந்து போனாள். மேலே ஒரு அறை.

"நான் வந்தப்ப இவன் சிம்மாசனத்துல குந்திக்கினு 'வாடா பாக்கலாம்'னு கத்தினான்" என்று ஜெஃப்ரி குசுகுசுத்தான். "இங்கிலீசுலதான். ஆனா அப்படித்தான்."

இப்போது சிம்மாசனம் இல்லை. பிரபு ஒரு சின்ன மேசையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். எதிரே ஒரு காலி நாற்காலி. அதோடு பேசினான். எப்சி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"'மூடினது தப்பு. தெரியும்'ன்றான். 'ஒரு வாரத்துல தொறந்துடலாம்னு மூடினேன். இப்ப தொறந்தா, பட்டினி கெடந்தவன் எல்லாம் மொதல்ல எங்கிட்டதான் வருவான். அதான் பயம்'ன்றான்."

"பயந்தாங்கொள்ளி" என்றான் ஜெஃப்ரி.

"இல்லடா. தப்புன்னு தெரிஞ்சும் பூட்டத் தொறக்காதவன் இவன் ஒருத்தனா?" என்றார் பாய். "மேல சொல்லுமா."

பிரபு ஒரு தாளை எடுத்து வைத்தான். பேனாவைத் தொட்டான், விட்டான். திரையில் இரண்டு வரிகள் வந்தன. ஒன்று, அவன் முன்னால் போய் நில். இன்னொன்று, அப்படியே இரு.

"போய் நில்லுக்கா! அவனுக்குச் சண்டை தெரியாது, ஒரே வெட்டு."

"எங்கிட்ட வாளு ஏதுடா?"

"வேணாம்மா" என்றார் பாய். "இப்ப போய் நின்னா மெரண்டுடுவான். மெரண்டவன் எழுதமாட்டான்."

எப்சியும் அதைத்தான் நினைத்தாள். அப்படியே இரு என்பதை அழுத்தினாள்.

அறையில் ஒன்றும் நடக்கவில்லை. கஞ்சியில் ஆவி போனது. மெழுகுவத்தி எரிந்தது. ஜெஃப்ரி மிஷின் நின்றுவிட்டதோ என்று சுடரைப் பார்த்தான். சுடர் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். நாலைந்து பையன்கள் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"பாய், மூணாம் நம்பர் ரெடியா?"

பாய் திரும்பாமலே கையைத் தூக்கினார். "சத்தம் போடாதீங்கடா."

"நீங்கதானே பாய் இன்னைக்கு வரச் சொன்னீங்க?"

"அது இல்ல. இருக்கறத வச்சு ஆடுங்க."

"அப்ப அடுத்த வாரம்?"

"அடுத்த வாரமும் இல்ல. மூணாம் நம்பர் வேற கேமு. போய் உக்காருங்கடா, அவன் யோசிக்கிறான்."

"எவன் பாய்?"

பாய் விரலால் திரையைக் காட்டினார். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, திரையைப் பார்த்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார்கள். பிரபு பேனாவை எடுத்தான். இந்த முறை கீழே வைக்கவில்லை. தாளின் மேல் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. எப்சி படிக்கத் தொடங்கினாள்.

"'காகப்பாலம் நாளைக் காலையிலேர்ந்து...'"

"கையெழுத்துப் போட்டானா?" என்றார் பாய்.

"போடறான் பாய்."