ஐஸ் பெட்டியில் வந்த குரல்

உடம்பு பெருத்தால் குரல் தடிக்கும் என்று ஊரே சொல்லும். பாதிதான் நிஜம். குரல்நாண் எவ்வளவு நீளம், எவ்வளவு கனம், எவ்வளவு விறைப்பு என்பதும் சேர்ந்துதான் குரலைத் தீர்மானிக்கும். இருபது வருஷமாகச் செத்த மிருகங்களின் தொண்டைக்குள் காற்றை ஊதி இதைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும்.

அன்று மத்தியானம் மிருகக்காட்சி சாலையிலிருந்து ஒரு பெண் சிங்கத்தின் தொண்டை ஐஸ் பெட்டியில் வந்தது. கொண்டுவந்தவர், குட்டியிலிருந்து பால்புட்டி கொடுத்து அதை வளர்த்தவர். பெட்டியை வைத்த பிறகும் அசையாமல் நின்றார்.

“கையெழுத்து போட்டாச்சில்ல? கிளம்புங்கண்ணே, எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு,” என்று எரிந்து விழுந்தேன்.

“ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போயிடறேன்மா. பொண்ணு கல்யாணத்துக்கு மூணு நாள் லீவுல போயிருந்தேன். வந்து பார்த்தா பாப்பா இல்ல. தூக்கத்துலேயே போயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. கத்திச்சா, என்னைத் தேடிச்சான்னு தொண்டையைப் பார்த்தா தெரியுமா?”

ஆறடி ஆள். சிங்கத்தைப் பாப்பா என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கையுறை மாட்டிப் பெட்டியைத் திறந்தேன். நல்ல தொண்டையில் குரல்நாண் வெளிறி, வழவழவென்று இருக்கும். இது வீங்கிச் சிவந்து, ஓரமெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது. ஓயாமல் கத்திய தொண்டை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“ஒன்னும் இல்லண்ணே. நிம்மதியாத்தான் போயிருக்கு,” என்றேன். பொய் எனக்குச் சரளமாக வராது, அன்று வந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீங்க நல்லா இருக்கணும்மா. இந்த மெஷின்ல காத்து விட்டா சத்தம் வருமாமே? ஒரே ஒரு தடவை கேட்டுக்கட்டுமா?”

அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாயும் மூக்கும் இல்லாமல் வருவது முழுக்குரல் இல்லையே, இவருக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். தொண்டையைத் தாங்கியில் பொருத்தி, அடியிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்றை விட்டேன்.

சத்தம் வந்தது. அந்த எடைச் சிங்கத்துக்கு வரவேண்டியதைவிட ரொம்பக் கீழே, கரகரவென்று. வீங்கிய நாண் கனத்துப்போய் மெதுவாகத்தானே அதிரும். அதிர்வைக் காட்டும் மீட்டரை உடம்பால் மறைத்துக்கொண்டேன்.

“பெரிய உடம்பில்லையாண்ணே, அதான் கனமா வருது,” என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

“பாப்பா குரல் எனக்குத் தெரியாதாம்மா?” என்றார். “போன வருஷம் காய்ச்சல்ல நாலு நாள் நான் வரல. அஞ்சாம் நாள் போனப்ப இதே கரகரப்புதான். நாலு நாளும் கம்பிகிட்ட நின்னு கத்துச்சாம்.”

காற்றுப் பம்பை நிறுத்த சுவிட்சில் கை வைத்தேன்.

“நிறுத்தாதீங்கம்மா. அது கூப்பிட்டப்ப நான் இல்ல. இப்பவாவது கேட்டுக்கறேன்.”

கையை எடுத்துக்கொண்டேன்.