ரீமின் வெள்ளைக் குட்டி

ரீம் விடிய ஐந்தரைக்குக் குட்டி போட்டாள். தலையிலிருந்து வால் வரை ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளை. கண் இரண்டும் நீலம். முசஃபா தாண்டியிருக்கும் இந்த லாயத்தில் பதினொரு வருடமாகக் குதிரை கழுவுகிற நானே இப்படி ஒன்றைக் கண்டதில்லை. உடனே படம் எடுத்து முதலாளி ஹமதுக்கு அனுப்பினேன். அவர் தடைதாண்டும் போட்டிக்காக ரியாத் போயிருந்தார். ஐந்து நிமிடத்தில் குரல் செய்தி வந்தது. குட்டிக்கு நூர் என்று பெயரும் வைத்துவிட்டார், வேலையாட்கள் கேம்புக்கே பிரியாணி என்றும் சொல்லிவிட்டார்.

ஏழு மணிக்கு டொக்டர் நீலா வந்தார். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவர். சிரித்தால் லைசென்ஸ் போய்விடும் என்று நினைக்கிற மனுசி என்று நாங்கள் பின்னால் கேலி செய்வோம். நல்ல செய்திக்குமா இந்த முகம் என்று அன்றைக்கும் மனதுக்குள் சிரித்தேன். புத்தி கெட்டவன்.

"லத்தி போட்டுச்சா வல்லிபுரம் அண்ணே?"

"இன்னும் இல்லை டொக்டர். பால் நல்லாக் குடிக்குது."

அவர் குட்டியின் வயிற்றில் காதுக்குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். குட்டியின் தகப்பன் பெயின்ட் குதிரை. செம்பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருப்பான். நிறத்தோடு தாண்டவும் தெரிந்த குட்டி வேண்டும் என்று ஹமது ஆசைப்பட்டுச் சேர்த்த ஜோடி அது. அந்தத் திட்டு நிறத்தோடு ஒரு கோளாறும் சில குதிரைகளின் ரத்தத்தில் வரும். தாய் தகப்பன் இரண்டு பேரிடமும் அது இருந்தால், நாலில் ஒரு குட்டி இப்படி முழு வெள்ளையாகப் பிறக்கும். குடல் இருக்கும், அசையாது. குடித்த பால் உள்ளேயே தேங்கி, துடிதுடித்துச் செத்துப்போகும். வைத்தியமே கிடையாது.

"ரீமோட பாட்டியும் பெயின்ட்தான். ஆனா ரீமுக்கு அந்தக் கோளாறு இல்லைன்னு ரிப்போர்ட் இருக்கு. போன வருஷம் ஜோடி சேர்க்கிறதுக்கு முன்னாடி, டெஸ்டுக்கு நீங்கதானே முடி புடுங்கிக் கொடுத்தீங்க? அதனால இது வேற ஏதோ அடைப்பாத்தான் இருக்கணும். சரி பண்ணிடலாம்."

"ஓம்" என்றேன்.

அது ரீமின் முடி இல்லை. வேரோடு நாற்பது முடி வேண்டும் என்று தகவல் வந்த நேரம், கூரியர்காரன் வாசலில் நின்றுகொண்டு யல்லா யல்லா என்று அவசரப்படுத்தினான். மறுநாள் ரீமுக்கு ஷார்ஜாவில் போட்டி. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அவள் பிடரியில் முப்பது பின்னல் போட்டு, நூலால் கட்டி, வாலையும் பின்னி முடித்திருந்தேன். அதை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துக் கொட்டிலில் ரீமைப் போலவே பழுப்பு நிறத்தில் இன்னொரு குதிரை நின்றது. அதன் பிடரியில் பிடுங்கி உறையில் போட்டு, ரீம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மயிர்தானே, யாருடையதானால் என்ன என்று நினைத்தேன்.

பத்து மணிக்குள் டொக்டர் இரண்டு தரம் எனிமா கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. பதினொரு மணிக்குக் குட்டியின் வயிறு பந்தாக உப்பிவிட்டது. கீழே விழுந்து காலை உதறியது, பல்லைக் கடித்தது, எழுந்து மறுபடி விழுந்தது. வலிக்குப் போட்ட ஊசி அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஹமது போனில், துபாய்க்குக் கொண்டுபோங்கள், வயிற்றைக் கிழித்தாவது காப்பாற்றுங்கள் என்றார். ஒரு மணிக்கு வண்டி வரும் என்றார்கள். வெட்டுவதால் ஒன்றும் ஆகாது என்பது அந்த லாயத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் என் பிழைப்பு போய்விடும். அதற்குப் பயந்து ஒன்றரை மணி நேரம் அந்தப் பச்சை மண்ணைத் துடிக்க விட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு டொக்டரிடம் போனேன்.

"டொக்டர், அந்த முடி ரீமின்ர இல்லை. பக்கத்துக் குதிரையின்ர. ரீமுக்குப் பின்னல் போட்டிருந்தன். அவிழ்க்க மனம் வரேல்லை."

அவர் என்னையே பார்த்தார். "இது துடிக்கிறதைப் பார்க்க முடியாம சொல்றீங்களா? இப்படிச் சொன்னா நான் ஊசி போட்டு முடிச்சிருவேன்னு?"

"இல்லை டொக்டர். உண்மையாச் சொல்லுறன்."

"பேப்பர் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. உங்க பேச்சை நம்பி நான் எப்படிண்ணே ஊசியை எடுக்கிறது? புதுசா முடி அனுப்பினா ரிசல்ட் வர நாலு நாள்."

"நாலு நாள் இது தாங்காது."

"தெரியும்." அவர் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "அப்ப ஹமதுகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, என் தப்பை மறைக்க உங்களைப் பேச வச்சேன்னு நினைப்பாரு."

எனக்குத் தெரிந்த ஓட்டை ஹிந்தியில் ஹமதிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உறையை, கூரியர்காரனை, நான் எழுதிய பெயரை. ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒரே ஒரு தரம் கேட்டார். பின்னலுக்காக என்றேன். சொல்லும்போது எனக்கே அது கேவலமாக இருந்தது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்தப் பின்னலை ஷார்ஜாவில் நான் எல்லோருக்கும் காட்டினேனே வல்லிபுரம்" என்றார். பிறகு சொன்னார்: "கலாஸ், முடிந்தது. டாக்டர் செய்யவேண்டியதைச் செய்யட்டும். நாளைக்கு நீ அங்கே இருக்காதே."

டொக்டர் ஊசியில் மருந்தை நிரப்பிக்கொண்டு கொட்டில் வாசலுக்கு வந்தபோது குட்டி எழுந்து நின்றுகொண்டிருந்தது. இரண்டு வலிக்கு நடுவே கிடைத்த சிறிய நேரம் அது. கால் நடுங்க நடுங்கத் தாயின் மடியைத் தேடி முட்டிக் குடிக்கத் தொடங்கியது.

"குடிக்கட்டும்" என்றார் டொக்டர். நின்றோம்.

அது தானாகவே வாயை எடுத்துக்கொண்டு கீழே சரிந்தது. டொக்டர் ஓர் அடி உள்ளே வைத்ததும் ரீம் காதை மடித்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள். உதவிக்கு வந்த பாஸ்கரைக் கடிக்கப் பாய்ந்தாள். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"தாயை வெளிய கூட்டிட்டுப் போயிருங்கண்ணே" என்றார் டொக்டர். "நீங்க கூப்பிட்டா மட்டும்தான் வரும்."

நான் உள்ளே போனேன். என்னைக் கண்டதும் ரீமின் காதுகள் நிமிர்ந்தன. தலைக்கயிறு மாட்டத் தானாகவே கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தாள். "வா பிள்ளை" என்றேன். அவள் குனிந்து குட்டியை ஒரு தரம் முகர்ந்தாள். பிறகு, கூப்பிட்டது நான் என்பதால், வந்தாள்.