காதுக்குப் போன வால்வு

அமலநாதனுக்குக் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடுகிற கடிகாரத்தையும் ஒருதரம் பிரித்துப் பார்த்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். புதுச்சேரி தந்தி ஆபீசில் வேலை. மாடி அறையில் அவனும் அண்ணன் சவரிராயனும் சேர்ந்து கட்டிய ரேடியோப் பெட்டி இருந்தது. அனுப்பவும் கேட்கவும் அந்த ஒரே பெட்டிதான். உள்ளே சின்ன பல்பு மாதிரி எரிகிற வால்வுகள்: கேட்பதற்கு இரண்டு, அனுப்புவதற்கு ஒன்று.

அண்ணன் சைகோனில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் தந்தி அடிப்பவர். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் இருவரும் மோர்ஸ் தட்டிப் பேசிக்கொள்வார்கள். பேசுவது தமிழ், தட்டுவது பிரெஞ்சு எழுத்து. முடிக்கும்போது அண்ணன் 'வரேன்' என்பார். விடைபெறுகிறவன் 'போறேன்' என்று சொல்வானா? சொன்னால் வாயிலேயே ஒன்று விழும்.

முப்பத்தாறாம் வருஷம் மழைக்காலத்துக்கு முன் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. விடாத காய்ச்சல், நெஞ்சில் சளி, கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது என்று எழுதியிருந்தார். அண்ணி ஞானமேரி அவருக்காகக் கீழறையை ஒழித்துச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா இடியும் மின்னலும் பிடித்துக்கொள்ள வேண்டும்? ஹெட்போனில் வடைச்சட்டி காய்வது போல் ஒரே பொரிச்சல். மூன்று ஞாயிறும் அண்ணன் தட்டியதில் கடைசி 'ரேன்' மட்டுமே காதில் விழுந்தது. முன்னால் இருந்த எழுத்தை அமலநாதனே போட்டு 'வரேன்' என்று எழுதிக்கொண்டான். ஆசை யாரைக் கேட்டு எழுதுகிறது? மூன்று தடவையும் 'சந்தோஷம்ணே' என்று பதில் தட்டினான். பட்டாளத்து ஏரியல் பெரியது. இங்கிருந்து போவது அங்கே கணீரென்று கேட்கும்.

"எந்தக் கப்பல்னு கேளுங்க தம்பி" என்றாள் அண்ணி. கேட்டான். பதில் இரைச்சலோடு போயிற்று.

புது வால்வு சென்னையிலிருந்து வர ஒரு மாதம் ஆகும். அவனுக்கா பொறுக்கும்? அனுப்புகிற வால்வைக் கழற்றிக் கேட்கிற பக்கம் மூன்றாவதாகச் சேர்த்தான். சுருளை அவிழ்த்து வேறு கணக்கில் சுற்றினான், நாலைந்து கம்பிகளை மாற்றி ஈயம் வைத்தான். கப்பல் பேரைக் கேட்டுக்கொண்டு மறுபடி மாட்டிவிடலாம், அரை மணி வேலை என்பது அவன் நினைப்பு. கண்ணை விற்றா சித்திரம் வாங்குவார்கள் என்று கேட்க வீட்டில் ரேடியோ தெரிந்த ஆளில்லை.

நாலாவது ஞாயிறு, அவன் வேலை பலித்துவிட்டது. சைகோன், ஏதோ பக்கத்து அறையில் இருப்பதுபோல் கேட்டது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணி, மேல வாங்க. அண்ணன் தட்டறது ஒவ்வொரு எழுத்தா கேக்குது."

ஞானமேரி சுண்ணாம்புக் கையோடு ஏறி வந்தாள். பென்சில் ஓடியது; அந்தப் பிரெஞ்சு எழுத்து அவளுக்குப் படிக்கத் தெரியாது. 'போ' என்று வந்தது. தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்தான். பின்னாலேயே 'றேன்' வந்தது. பிரெஞ்சு எழுத்தில் சின்ன ர ஏது, பெரிய ற ஏது? வருகிறவனுக்கும் போகிறவனுக்கும் வால் ஒன்றுதான்.

அண்ணன் நிறுத்தி நிறுத்தித் தட்டினார். "டாக்டர் கைய விரிச்சிட்டாரு. மூணு வாரமா போறேன் போறேங்கறேன். சந்தோஷங்கற. அவ்ளோ சந்தோஷமாடா?"

அப்புறம் ஒலி இல்லை. பதிலுக்குக் காத்திருக்கிறார்.

அமலநாதன் மோர்ஸ் தட்டுகிற சாவியை அமுக்கினான். அனுப்ப வால்வு இல்லாத பெட்டியில் அது வெறும் பித்தளைத் துண்டு. கொதிக்கிற வால்வை அப்படியே பிடுங்கினான். விரல் தோல் அதோடு போயிற்று. அடுப்புக்கு ஓடினான். ஈயம் வைக்கிற கோல் காயவேண்டும், கம்பிகள் பழைய இடத்துக்குப் போகவேண்டும். அரை மணி என்று நினைத்த வேலை, வெந்த விரலோடு ஒரு மணிக்கு மேல் இழுத்தது.

'இல்லண்ணே, எனக்குக் கேக்கலண்ணே' என்று தட்டினான். ஹெட்போனை மாட்டிக் கேட்டான். மறுபடி இரண்டே வால்வு, மறுபடி பொரிச்சல்தான். மறுபடி தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான்.

ஞானமேரி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. சுண்ணாம்பு கையிலேயே காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"வரேன்னாரா, தம்பி?"

நாலாவது தடவையும் அந்த எழுத்தைப் போட அவனுக்கு நெஞ்சு வரவில்லை.

"போறேன்னாரு அண்ணி. மூணு வாரமாவே அதத்தான் சொல்லியிருக்காரு."

அவள் அழவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"அதுக்கு நீங்க என்னன்னு பதில் சொன்னீங்க?"